ரேடியம் கேட்ட நடனமணி
இருண்ட மேடை. கைகளில் நீண்ட கழிகள், அவற்றில் அலையடிக்கும் பட்டுத்துணி, அதன்மேல் நிறம் மாறும் மின்னொளி. 1892-இல் பாரிஸ் ஃபோலி பெர்ஷேர் அரங்கில் லோயி ஃபுல்லர் (1862-1928) ஆடிய நடனம் ரசிகர்களைக் கட்டிப்போட்டது. அமெரிக்கரான இவர் தமது ஆடைக்குக் காப்புரிமை பெற்றவர், ஆய்வுக்கூடமும் வைத்திருந்தார்.

பின்னர் ரேடியம் பற்றிய செய்தி வந்தது. தானே ஒளிரும் வண்ணத்துப்பூச்சிச் சிறகு செய்ய அது உதவுமா என்று கியூரி தம்பதியருக்குக் கடிதம் எழுதினார். சரிவராது என அவர்கள் விளக்கிப் பதில் அனுப்பினர். நல்லவேளை! ரேடியத்தின் ஆபத்து அன்று முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை. நன்றிக்காக ஃபுல்லர் அவர்கள் வீட்டிலேயே விளக்குகளைப் பொருத்தி ஆடிக்காட்டினார், நட்பும் வளர்ந்தது.

1904-இல் 'ரேடியம் நடனம்' மேடையேறியது. பெயரில்தான் ரேடியம், துணியில் பூசியது இருட்டில் ஒளிரும் உப்புகள்.