ஒரு கிண்ணச் சூப்பும் சைகோன் தமிழரும்



கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு மாலை, ஐந்தாம் ஆண்டு பயிலும் என் மகளை அழைத்துக்கொண்டு உலு திராமில் உள்ள ஒரு சிறு வியட்நாமிய உணவுக்கடைக்குச் சென்றேன். நெகிழி நாற்காலிகள், சுவரில் ஒரு காற்றாடி, கையால் எழுதிய விலைப்பட்டியல். ஆடம்பரம் ஏதும் இல்லை. ஒரு கிண்ணம் 12 வெள்ளி. வேலை முடிந்து வந்த தொழிற்சாலைத் தொழிலாளர்கள் பக்கத்து மேசையில் அமர்ந்து உண்டுகொண்டிருந்தனர். நாங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை. ஆகவே கோழி 'ஃபோ' இரண்டு கிண்ணம் கேட்டோம்.

ஆவி பறக்கும் கிண்ணம் மேசைக்கு வந்ததும் என் மகள் குனிந்து முகர்ந்து பார்த்தாள். "அப்பா, பாட்டி வைக்கும் குருமா வாசம் வருகிறதே!" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, மல்லி விதை, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம். இவற்றை எலும்போடு சேர்த்துப் பல மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவைத்து வடித்த சாறுதான் ஃபோவின் உயிர். அதில் அரிசி மாவில் செய்த தட்டையான நூடல்சை இட்டு, மேலே இறைச்சித் துண்டுகளையும் பச்சை இலைகளையும் தூவித் தருகிறார்கள். நம் குருமாவில் மணக்கும் அன்னாசிப்பூவின் தாயகமே வடவியட்நாமும் தென்சீனமும்தான் என்று மகளுக்குச் சொன்னேன்.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த கடைக்கார அம்மையார் புன்னகையுடன் அருகே வந்தார். மேக்கோங் ஆற்றுப்பகுதியைச் சேர்ந்தவர். தொழிற்சாலை வேலைக்காக ஜொகூருக்கு வந்து, இங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்டவர். "எங்கள் ஊரிலும் 'கா ரி' உண்டு. தேங்காய்ப்பால் ஊற்றி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டு, கோழிக்கறி சமைப்போம். ரொட்டியைத் தொட்டு உண்போம்," என்று மலாயில் சொன்னார்.

"அது நம் கறியா அப்பா? அங்கே எப்படிப் போனது?" என்று மகள் கேட்டாள்.

நல்ல கேள்வி! நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் விட்ட வரலாறு ஒன்று அக்கேள்விக்குள் இருக்கிறது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

கிண்ணத்தின் கதை

ஃபோ மிகப் பழைமையான உணவன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடவியட்நாமின் நாம் தின், ஹனோய் பகுதிகளில் தோன்றியது. தோளில் காவடி போல இருபுறமும் சுமை தொங்க, தெருத்தெருவாக நடந்து அதனை விற்றனர். உழவுக்கு மட்டுமே மாடு வளர்த்த அந்நாட்டில், பிரெஞ்சுக்காரர்கள் வந்த பின்னரே மாட்டிறைச்சி மிகுதியாக வெட்டப்பட்டது. கழித்துப் போட்ட எலும்பும் மலிவான துண்டுகளும் ஏழைகளின் பானைக்கு வந்தன. சீனரின் நூடல்ஸ், வியட்நாமியரின் அரிசி, பிரெஞ்சுக்காரரின் இறைச்சிப் பழக்கம் ஆகிய மூன்றும் ஒரே கிண்ணத்தில் கூடின. 1930களின் இறுதியில் ஹனோயில் வாரத்தில் சில நாள்கள் மாட்டிறைச்சி விற்பனை தடுக்கப்பட்டபோது கோழி ஃபோ பரவியது என்பர். நாங்கள் அன்று உண்டது அதன் வழிவந்ததே!

1954இல் ஜெனீவா உடன்படிக்கையால் வியட்நாம் வடக்கு, தெற்கு எனப் பிரிந்தது. எட்டு முதல் பத்து இலட்சம் பேர் வடக்கிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தனர். அவர்களோடு ஃபோவும் சைகோனுக்குச் சென்றது. அங்கேதான் முளைப்பயிறும் துளசி போன்ற இலைகளும் இனிப்புக் குழம்பும் அதனோடு சேர்ந்தன. 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்த பின்னர், அகதிகளோடு அது உலகெங்கும் பரவியது. நம் நாட்டுக் கரைகளுக்கே சுமார் 2,50,000 அகதிகள் வந்து சேர்ந்தனர். திரங்கானுவை அடுத்த பீடோங் தீவு முகாம் 1978 முதல் 1991 வரை இயங்கியதைப் பெரியவர்கள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள்.

சைகோனில் நம்மவர்

ஃபோ சைகோனுக்கு வருவதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே தமிழர் அங்குச் சென்றுவிட்டனர். 1859இல் பிரெஞ்சுப்படை சைகோனைக் கைப்பற்றியது. அப்போது புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. எனவே அவ்வூர்த் தமிழர்கள் சைகோனின் அரசு அலுவலகங்களிலும் சுங்கத்திலும் காவல்துறையிலும் பணிக்கு அமர்ந்தனர். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் சமயவழி வந்த குடும்பச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களையும் சூடிக்கொண்டனர்.

அவர்களுக்குப் பக்கத்திலேயே நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டிக்கடை வைத்தனர். மேக்கோங் வயல்களில் விளைந்த நெல் கடல் கடந்து ஏற்றுமதியானது. அந்த உழவுக்குக் கடன் கொடுத்தவர்களுள் அவர்கள் முக்கியமானவர்கள். சிங்கப்பூர் தேங்க் சாலையில் எழுப்பியது போலவே சைகோனிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினர். அது அந்நகரின் தோன் தாத் தியெப் தெருவில் இன்றும் இருக்கிறது. தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1935இல் நகரின் நடுவே பள்ளிவாசல் கட்டினர். பென் தான் சந்தைக்கு அருகில் மாரியம்மன் கோயிலும் எழுந்தது. நம் சமையலும் மசாலைத் தூளும் அந்நாட்டுக்குப் போயின. 'கறி' என்னும் நம் சொல் பிரெஞ்சில் 'காரி' ஆகி, வியட்நாமிய நாவில் 'கா ரி' என்று நிலைத்தது.

இவ்வரலாற்றில் பெருமை மட்டும் இல்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் நிலங்கள் பல கடன் கொடுத்தவர் கைக்கு மாறின. நம்மவர் மீது அம்மக்களுக்குக் கசப்பு ஏற்பட்டது. நம் முன்னோர் என்றாலே பால்மரம் சீவிய ஏழைத் தொழிலாளர் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். வட்டி வாங்கியவர்களும் நம்மவரே, அரசு நாற்காலியில் அமர்ந்தவர்களும் நம்மவரே. இரண்டையும் சொல்வதே நேர்மையான வரலாறு.

எஞ்சியது என்ன?

ஃபோ தெற்கே வந்த அதே 1954இல், நவம்பர் 1ஆம் நாள், புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சி வியட்நாமிலும் முடிந்தது. குடியுரிமை பெற்ற தமிழர் பலர் பிரான்சுக்குச் சென்றனர். எஞ்சியோரில் பெரும்பாலோர் 1975க்குப் பின் வெளியேறினர். இன்று சைகோன் மாரியம்மனுக்கு ஊதுவத்தி ஏற்றி வணங்குவோரில் மிகப் பலர் வியட்நாமியரும் சீனருமே. அம்மன் இருக்கிறாள், அவளைத் தமிழில் அழைப்போர் மிகச் சிலரே.

ஏன் இப்படி ஆயிற்று? நகரத்தார் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, சில ஆண்டுத் தவணைக்கு மட்டும் கடல் கடந்தனர். புதுச்சேரித் தமிழர் தம் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு அனுப்பினர். பதவி அங்கேதான் இருந்தது. வியட்நாமியப் பெண்களை மணந்தவர்களின் பிள்ளைகள் தாய்மொழியாக வியட்நாமியத்தைப் பேசினர். எவரையும் நான் குறை சொல்லவில்லை. அவரவர் தம் பிள்ளைகளுக்கு நல்லது என்று எண்ணியதையே செய்தனர். ஆனால், எல்லாரும் அப்படியே செய்தபோது, இரண்டு மூன்று தலைமுறைக்குள் மொழி கரைந்துவிட்டது.

இங்கே நிலைமை வேறு. மலாயாவுக்குக் குடும்பம் குடும்பமாக வந்தனர். 1816இல் பினாங்கில் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஒற்றை அறை, ஒழுகும் கூரை, பல வகுப்புக்கு ஒரே ஆசிரியர் என்றிருந்த பள்ளிகள்தாம் அவை. ஆயினும் அவற்றின் தொடர்ச்சியாக இன்றும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நம்மிடம் இருக்கின்றன. சைகோனில் வசதி படைத்த தமிழர் வாழ்ந்தனர், தமிழ் நிலைக்கவில்லை. இங்கே வசதியற்ற தமிழர் வாழ்ந்தனர், தமிழ் நிலைத்தது. பள்ளியும் குடும்பமும் சேர்ந்து செய்த வேலை இது.

உலு திராமைச் சுற்றி இருந்த தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தோட்டச் சட்டம் இனி நமக்குப் பள்ளி தரப்போவதில்லை. முதலாம் ஆண்டுப் பதிவில் ஒவ்வொரு பெற்றோரும் எடுக்கும் முடிவே இனிப் பள்ளியைக் காக்கும். அதனை எண்ணித்தான் இக்கதையை எழுதுகிறேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புலம்பெயர்வைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, உலகப் படத்தில் புதுச்சேரியிலிருந்து சைகோனுக்கும் ஒரு கோடு வரையச் சொல்லுங்கள். பெற்றோர்களே, தாத்தா பாட்டியிடம் "நீங்கள் எந்தக் கப்பலில் வந்தீர்கள், எந்தத் தோட்டத்துப் பள்ளியில் படித்தீர்கள்?" என்று கேட்டு எழுதி வரும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கடையை விட்டுக் கிளம்பும்போது என் மகள் அந்த அம்மையாரிடம், "கறி என்பது எங்கள் மொழிச் சொல்," என்று மலாயில் சொன்னாள். அவர் வியப்புடன், "அப்படியா? எங்கள் சொல் என்றல்லவா நினைத்திருந்தேன்!" என்று சிரித்தார்.

சொல்லை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அது நாம் கொடுத்த விருந்து. ஆனால், அது எம்மொழிச் சொல் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் அடுத்த தலைமுறையிலும் நம் வீடுகளில் இருக்க வேண்டும்.