தொகுப்பவர் கையில் ஒரு வாழ்வு

பங்கின் பாடகர் குழுவில் இசைப்பலகை வாசிக்கும் இளைஞர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் நம்மிடம் ஒரு வினாவுடன் வந்தார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு ஈந்த ஜாஸ் இசையில் அவருக்குப் புதிதாக ஈடுபாடு பிறந்திருக்கிறது. பில்லி ஹாலிடே என்னும் பாடகியின் பெயரை எல்லாரும் சொல்கிறார்களாம். "சாமி, அவங்க பாட்டு நூத்துக்கணக்குல கெடக்கு. மொதல்ல ஒரே ஒரு தொகுப்பு கேக்கணும்னா எதைக் கேக்கலாம்?" என்றார்.

குருமட நாள்களில் பழைய ஒலிநாடா ஒன்றின் வழியாக அந்தக் குரல் நமக்கு அறிமுகமானதுண்டு. ஆகவே உடனே விடை சொல்லிவிடலாம் என எண்ணினோம். சொல்ல இயலவில்லை. எதைச் சொன்னாலும் அந்தப் பெண்ணின் வாழ்வில் ஒரு பாதியை மறைத்து, மறு பாதியை மட்டும் காட்டுவதாகவே பட்டது. தொகுத்தல் எவ்வளவு பொறுப்பு மிக்க பணி என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

தமிழருக்குத் தொகுத்தல் புதிதன்று. நம் பழைய இலக்கியமே எட்டுத்தொகை என்னும் பெயரில்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. யாரோ ஒருவர் ஓலைகளைத் திரட்டினார்; இது இருக்கட்டும், இது வேண்டா என்று முடிவு செய்தார். நாம் வாழும் பூதப்பாண்டியின் பெயரைச் சொன்னவுடன் தமிழ் கற்றோர் நினைவுக்கு வருபவன் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன். அவன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய ஒரே ஒரு பாடல் புறநானூற்றில் 246-ஆம் பாட்டாக நிற்கிறது. தீப்பாய வேண்டா எனத் தடுத்த சான்றோரிடம், கைம்பெண்ணுக்கு இவ்வுலகம் விதித்திருக்கும் வாழ்வு எத்தகையது என்று அவள் கேட்கும் கேள்வி அது. அவள் வேறு பாடல்கள் பாடினாளா, மகிழ்ந்து பாடிய நாள் ஒன்றேனும் இருந்ததா என்பதை நாம் அறியோம். புறநானூற்றைத் தொகுத்தவரின் பெயர்கூட நமக்கு எட்டவில்லை. ஆயினும் 1894-இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலை அச்சேற்றிய நாள் முதல், தமிழ் உலகுக்குப் பெருங்கோப்பெண்டு என்றால் ஈமத்தீயின் முன் நிற்கும் பெண் மட்டுமே. தொகுத்தவர் அவள் குரலைக் காத்தார். அவளை ஒரு கணத்தில் நிறுத்தியும் விட்டார். பில்லி ஹாலிடேக்கு நேர்ந்ததும் இதுவே.

நல்லாயன் இல்லத்துச் சிறுமி

எலினோரா ஃபேகன் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1915 ஏப்ரல் 7-ஆம் நாள் பிலடெல்பியாவில் பிறந்து, பால்டிமோர் நகரின் வறுமையில் வளர்ந்தார். தந்தை உடனில்லை. தாய் பிழைப்புக்காக வெளியூர்களில் வேலை செய்தார். பள்ளிக்கு ஒழுங்காகச் செல்லவில்லை என்று ஒன்பது வயதில் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, நல்லாயன் சபைக் கன்னியர் நடத்திய இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அது கறுப்பினச் சிறுமியருக்கென்றே தனியாகப் பிரித்து வைக்கப்பட்ட இல்லம். இயேசுவின் பெயரால் நடந்த இல்லத்திலும் நிறத்தின் சுவர் இருந்தது என்பதை நாம் மறைத்தல் தகாது. அங்கேதான் 1925-இல் அச்சிறுமிக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. பிற்காலத்தில் உலகம் 'லேடி டே' என்று கொண்டாடிய அந்தப் பெண் திருச்சபையின் மகள். இதை ஜாஸ் நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன, நாமோ அறிந்ததேயில்லை.

நான்கு காலங்கள், நான்கு முகங்கள்

அவரது இசைப்பதிவுகள் பெரும்பாலும் நான்கு பகுதிகளாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்தின் கையில் இருப்பதே தொகுப்புகளின் சிக்கலுக்கு முதற்காரணம். தன்னிடம் உள்ள பதிவுகளைத் தொகுத்து, 'இவரது சிறந்த பாடல்கள்' என்று ஒவ்வொரு நிறுவனமும் பெயர் சூட்டிவிடுகிறது. வாங்குபவரோ முழு வாழ்வையும் கேட்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்.

முதற்காலம் 1933-இல், அவருக்குப் பதினெட்டு வயதானபோது தொடங்குகிறது. 1935 முதல் பியானோ கலைஞர் டெடி வில்சனின் சிறு குழுவோடு பாடிய பாடல்கள் பின்னர் கொலம்பியா நிறுவனத்தின் உடைமையாயின. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் இசைத்தட்டுகள் அவை. உணவகங்களில் காசு போட்டுக் கேட்கும் இசைப்பெட்டிகளுக்காக விரைந்து பதிவானவை. பாடகிக்கு ஒரு முறைக் கூலி மட்டுமே. விற்பனையில் பங்கு இல்லை. கொடுக்கப்பட்ட பாடல்களுள் பல சாதாரணமானவை. ஆனால் அந்தக் குரலில் அவை உயிர் பெற்றன. தாளத்தைச் சற்றே காக்கவைத்து, சொல்லைச் சிறிது பிந்தி எடுத்து வைப்பார், தாளமும் தவறாது. 1937 முதல் லெஸ்டர் யங் என்பவர் சாக்சபோனில் அவருக்குத் துணை நின்றார். நம் கச்சேரிகளில் வாய்ப்பாட்டைப் பின்தொடர்ந்து, பின் தானும் ஒன்று சொல்லும் வயலினை நினைத்துக்கொண்டால் அவ்விருவரின் உறவு விளங்கும். 'லேடி டே' என்ற பெயரைச் சூட்டியவர் அவரே.

இரண்டாவது காலம், அளவில் மிகச் சிறியது. வரலாற்றில் மிகப் பெரியது. 1938-இன் இறுதியில் நியூயார்க்கின் 'கஃபே சொசைட்டி' என்னும் அரங்கில் அவர் பாடத் தொடங்கினார். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக அமர்ந்து கேட்ட அரிய இடம் அது. ஏபல் மீரோபோல் என்ற யூதப் பள்ளி ஆசிரியர் எழுதிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்', அதாவது விந்தைக் கனி, என்ற பாடலை அங்கே பாடினார். தென் மாநிலங்களில் கும்பலால் கொல்லப்பட்டு மரங்களில் தொங்கவிடப்பட்ட கறுப்பின மக்களைப் பற்றிய பாடல் அது. அதைப் பாடும்போது பரிமாறுவோர் நின்றுவிடுவர், விளக்குகள் அணைக்கப்படும், ஓர் ஒளி மட்டும் அவர் முகத்தில் விழும். பாடி முடித்ததும் வேறு பாடல் கிடையாது. கொலம்பியா நிறுவனம் இதைப் பதிவு செய்ய மறுத்தது. இசைத்தட்டுக் கடை நடத்திய மில்ட் கேப்ளர் தம் சிறிய கமடோர் நிறுவனத்தில் 1939 ஏப்ரலில் பதிவு செய்தார். ஆகவே கொலம்பியாவின் அக்காலப் பதிவுகளை மட்டும் கொண்டு தொகுத்தால், இப்பாடல் அதில் இராது. அன்றைய அச்சத்தின் வடு இன்றைய குறுந்தகட்டிலும் தொடர்கிறது.

மூன்றாவது காலத்தில், 1944 முதல் டெக்கா நிறுவனத்துக்காக, நரம்பிசைக் கருவிகளின் பின்னணியோடு பாடினார். புகழின் உச்சியும் போதைப்பொருளின் பிடியும் சேர்ந்தே வந்தன. 1947-இல் கைதாகி ஏறத்தாழ ஓராண்டைச் சிறையில் கழித்தார். 1948 மார்ச்சில் விடுதலையானார். சில நாள்களிலேயே கார்னகி அரங்கில் அவர் பாடியபோது இருக்கைகள் யாவும் நிறைந்தன. ஆனால் மது விற்கும் அரங்குகளில் பாடுவதற்கு நியூயார்க்கில் தேவைப்பட்ட அனுமதிச்சீட்டு பறிக்கப்பட்டது. தண்டனை முடிந்தபின்னும் தண்டிக்கும் முறை அது.

நான்காவது காலம் 1952 முதல் நார்மன் கிரான்ஸ் பதிவு செய்த பாடல்களும், 1958-இல் கொலம்பியாவுக்காகப் பாடிய 'லேடி இன் சாட்டின்' இசைத்தட்டும். குரல் தேய்ந்து கரகரத்துவிட்டது. ஆயினும் ஒவ்வொரு சொல்லும் கேட்பவரின் நெஞ்சைத் தொடும்.

துயரம் மட்டுமா அவர்?

பெரும்பாலோர் அவரை இந்த இறுதிக் குரலின் வழியாகவே அறிகின்றனர். 1972-இல் அவர் வாழ்க்கை திரைப்படமானபோதும் போதையும் கண்ணீருமே முன்னின்றன. துயரம் எளிதில் விற்கும் பொருள். அவரது அழுகையைக் கேட்க விரும்பும் உலகம், இருபத்திரண்டு வயதில் நண்பர்கள் நடுவே குறும்போடும் களிப்போடும் பாடிய பெண்ணைக் கேட்க மறந்துவிட்டது.

ஆகவே அந்த இளைஞருக்கு நாம் சொன்ன விடை இது: முதலில் 2001-இல் கொலம்பியா வெளியிட்ட 'லேடி டே: த பெஸ்ட் ஆஃப் பில்லி ஹாலிடே' என்னும் இரு குறுந்தகட்டுத் தொகுப்பிலிருந்து தொடங்கட்டும். அதில் இளமைக் குரலும் தோழமையும் கேட்கும். அதில் திளைத்த பிறகு, 1939-இன் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பதிவைத் தனியே ஒரு நாள், வேறு எதையும் உடன் சேர்க்காமல் கேட்கட்டும். 'லேடி இன் சாட்டின்' கடைசியாக வரட்டும். எத்தகைய குரல் இப்படித் தேய்ந்தது என்று அறிந்தவருக்கே அந்தத் தேய்வின் விலை விளங்கும். ஒரே தகட்டில் பல காலங்களும் வேண்டும் என்போருக்கு, கென் பர்ன்ஸின் ஜாஸ் தொலைக்காட்சித் தொடரையொட்டி 2000-இல் வந்த தொகுப்பு உதவும். இன்று கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கிறது என்பது உண்மை. எல்லாம் கிடைக்கும்போதுதான் எங்கே தொடங்குவது என்று வழிகாட்டும் கை இன்னும் தேவைப்படுகிறது.

நம் கையில் உள்ள தொகுப்பு

இளைஞர் மன நிறைவோடு சென்றுவிட்டார். நமக்கோ நெஞ்சில் ஒன்று உறுத்தியது. அருள்பணியாளராகிய நாமும் தொகுப்பவர்தாமே! அடக்கத் திருப்பலியில் பத்து நிமிட மறையுரைக்குள் ஒரு மனிதரின் அறுபது, எழுபது ஆண்டுகளைத் தொகுக்கிறோம். குடித்துக் குடும்பத்தைக் கெடுத்தவர், மகனோடு பேசாமலே இறந்தவர் என்று ஊர் ஏற்கெனவே ஒரு தொகுப்பை முடித்து வைத்திருக்கும். அதையே நாமும் மௌனத்தால் ஒப்புக்கொண்ட நாள்கள் உண்டு. குறைகளை மூடி வெறும் புகழுரை சொல்லி, வருந்திய குடும்பத்தாரை மேலும் வருத்திய நாள்களும் உண்டு. இரண்டும் உண்மைக்கு இழைத்த குறையே.

நற்செய்தியாளரும் தொகுத்தவர்களே. வாய்மொழியாகவும் எழுத்தாகவும் வந்த பலவற்றுள் சிலவற்றைத் தெரிந்தெடுத்தே அவர்கள் எழுதினர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இறை வெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு கற்பிக்கிறது. பேதுரு மறுதலித்ததை அவர்கள் விடவில்லை. அவர் கடற்கரையில் மும்முறை அன்பை அறிக்கையிட்டதையும் விடவில்லை. நறுமணத் தைலம் ஊற்றிய பெண்ணைப் பிறர் கடிந்துகொண்டனர். ஆண்டவரோ அவள் செய்தது என்றென்றும் சொல்லப்படும் என்றார். அன்பின் செயல் விடுபடாத தொகுப்பு அது.

பில்லி ஹாலிடே 1959 ஜூலை 17-ஆம் நாள் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில், நோய்ப் படுக்கையிலேயே கைது செய்யப்பட்ட நிலையில் இறந்தார். வயது நாற்பத்து நான்கு. ஜூலை 21-இல் புனித பவுல் ஆலயத்தில் அவருக்கு அடக்கத் திருப்பலி நிறைவேறியது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் திரண்டனர். ஒன்பது வயதில் திருமுழுக்கில் ஏற்றுக்கொண்ட திருச்சபை, இறுதியில் கத்தோலிக்கக் கல்லறையில் அவரை இறைவனிடம் ஒப்படைத்தது. காவல்துறை வைத்திருந்த தொகுப்பில் இல்லாத ஒரு பக்கம் அது.

முழுத் தொகுப்பும் இறைவனிடம் மட்டுமே இருக்கிறது. நம் கையில் இருப்பது சில பாடல்கள், சில நினைவுகள், அண்டை வீட்டாரைப் பற்றி நாம் அன்றாடம் சொல்லும் இரண்டொரு சொற்கள். அடுத்த முறை இறந்தவர் ஒருவரைப் பற்றியோ, நம்மோடு வாழ்பவர் ஒருவரைப் பற்றியோ பேச வாய் திறக்கும்போது, அவர் மகிழ்ந்து பாடிய நாளையும் சேர்த்துக்கொள்வோம்.