இழுவண்டிச் சக்கரமும் டயரும்

 

கார் இழுத்துச் செல்லும் முகாம் வண்டியைச் சொந்தமாகக் கட்டுவோர் முதலில் கணக்கிட வேண்டியது, சாமான்கள் ஏற்றிய பிறகான மொத்த எடையையே. டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பின் வரும் பளு எண், குறித்த காற்றழுத்தத்தில் அது தாங்கும் எடையைச் சுட்டும்: 79 என்றால் 437 கிலோ, ஆகவே ஒற்றை அச்சு வண்டியில் இரு டயர்களும் 874 கிலோ தாங்குமெனினும், பள்ளங்களில் சுமை ஒருபக்கம் சாய்வதால் ஐந்தில் ஒரு பங்கையாவது மிச்சம் வைப்பதே அறிவுடைமை.

ரிம்மின் போல்ட் துளை மையங்களைத் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டம், அச்சின் ஹப்போடு துல்லியமாக ஒத்திருக்க வேண்டும், 100 மி.மீ. ரிம்மை 98 மி.மீ. ஹப்பில் வலிந்து பூட்டினால் நட்டுகள் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடக்கூடும். காரின் சக்கரமே வண்டிக்கும் பொருந்துமானால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும். பெரும்பாலும் ஓடாமல் நிற்கும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் வெடிப்பு காண்பதால், பட்டனின் ஆழத்தைவிட உற்பத்திக் குறியே முக்கியம்: 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இத்தகைய இழுவண்டியையும் மோட்டார் வாகனமாகவே வரையறுப்பதால், பதிவின்றி அதைப் பொதுச்சாலையில் இழுத்துச் செல்வது சட்டவிரோதம்.