வ.உ. சிதம்பரம் பிள்ளை

வேம்பார் முதல் மணப்பாடு வரை நீளும் முத்துக்குளித்துறைக் கரையோரத்தில் தூத்துக்குடியே பெரிய துறைமுகம். அங்கிருந்து கொழும்புக்குச் செல்லும் கப்பல் போக்குவரத்தைப் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தன் கையில் வைத்திருந்தது. அதை எதிர்த்துச் சொந்தக் கப்பல் விட்டவர் வ.உ.சி. (1872–1936).

ஒட்டப்பிடாரத்தில் செப்டம்பர் 5 அன்று பிறந்தார். தந்தை உலகநாதர் வழக்கறிஞர்; மகனும் அதே தொழிலுக்கு வந்தார்.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. உதவிச் செயலாளர். விடுதலை வேட்கையைப் பங்குப் பத்திரமாக்கி ஊர் ஊராக விற்றதுதான் அவருடைய தனிச்சிறப்பு. முதலில் வாடகைக் கப்பல் ஓட்டினார்கள். வெள்ளையர் நெருக்குதலால் அது நின்றது. வ.உ.சி. பம்பாய் போய்ப் பணம் திரட்டினார், 1907இல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசப் பயணமும் குடையும் தருவதாகச் சொன்னது. சுதேசிக் கம்பெனிக்கு அப்படி இழந்து தாங்கும் பணபலம் இல்லை.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடியின் கோரல் நூற்பாலையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் விடுதலைப் போராட்டத் தோழர் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். ஊரே தொழிலாளர் பக்கம் நின்றது: ஆலை நிர்வாகத்துக்கு ஆதரவாகப் பேசிய வழக்கறிஞரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு எழுந்துபோனார் ஒரு முடிதிருத்துபவர். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன.

மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ராஜதுரோக வழக்கில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது 40 ஆண்டுகள். அப்போது அவருக்கு வயது 35. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தார்கள். பின்னர் கண்ணனூர்ச் சிறை.

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. எந்தக் கம்பெனியை எதிர்த்துக் காலியாவை வாங்கினாரோ, அதற்கே அது விற்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்ததால் சென்னையில் சிறு வியாபாரம் செய்து, வறுமையோடு போராடினார். இந்த ஆண்டுகளைப் பற்றித் தமிழர்கள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். நீதிபதி வாலஸ் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார்.

தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார், ‘மெய்யறம்’ எழுதினார். 1936 நவம்பர் 18 அன்று, அவர் விருப்பப்படியே, தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. 2011 முதல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரில் இயங்குகிறது.