பிளான்ட்டர் கப்பலில் பதினாறு பேர்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அன்டீட்டம் ஓடைக்கரையில் 1862 செப்டம்பர் 17 அன்று நடந்த பெரும்போரும், அதன் ஐந்தாம் நாள் ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தின் முன்னறிவிப்பும் இவ்வாரம் இடம்பெறும் என்று சென்ற வாரம் குறிப்பிடப்பட்டிருந்தது. அந்தப் பிரகடனம் பிறந்ததற்குப் போர்க்களத்தில் கிடைத்த அரைகுறை வெற்றியையும், ஐரோப்பிய அரசுகள் தென்னகக் கூட்டமைப்பைத் தனி நாடாக ஏற்றுவிடுமோ என்ற அச்சத்தையும் காரணமாகக் காட்டுவது வரலாற்று நூல்களின் வழக்கம். அக்காரணங்களில் பிழையில்லை. ஆனால் வாஷிங்டனில் ஒரு தாளும் எழுதப்படுவதற்கு முன்பே காடுகளின் வழியாகவும் கழிமுகங்களின் வழியாகவும் எல்லை கடந்து வந்து நின்று, அரசு ஏதேனும் ஒரு முடிவெடுத்தே தீர வேண்டும் என்ற நிலையை உருவாக்கிய அடிமைகளுக்கு அந்நூல்கள் ஒரு பத்திக்கு மேல் இடம் தருவதில்லை. அவர்களுள் ஒருவரான ராபர்ட் ஸ்மால்ஸ், அன்டீட்டம் போருக்கு நான்கு மாதம் முன்னர், 1862 மே 13 அன்று விடியுமுன் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் செய்த செயலை விளங்கிக்கொள்ளாமல் லிங்கனின் பிரகடனத்தை விளங்கிக்கொள்ள இயலாது. எனவே இவ்வாரம் அச்செயலே முதலில் இடம்பெறுகிறது.

போர் தொடங்கிய அடுத்த மாதமே, 1861 மே மாதத்தில், வர்ஜீனியாவில் மூன்று அடிமைகள் இரவோடு இரவாகப் படகேறி லிங்கன் அரசின் ஒன்றியப் படையின் வசமிருந்த மன்றோ கோட்டையை அடைந்தனர். அவர்களைத் திருப்பித் தருமாறு உடைமையாளர் கேட்டபோது, தளபதி பெஞ்சமின் பட்லர், எதிரியின் போர்முயற்சிக்குப் பயன்படும் பொருளைப் பறிமுதல் செய்ய அனுமதிக்கும் விதியைச் சுட்டி, இவர்கள் 'காண்ட்ராபாண்ட்', அதாவது போர்க்காலத் தடைப்பொருள் என்று கூறி மறுத்துவிட்டார். மனிதரைப் பொருளென்று அழைத்தே காப்பாற்ற நேர்ந்த அந்த விந்தையான சொல் விரைவில் நாடெங்கும் பரவ, ஒன்றியப் படை எங்கெல்லாம் கால் வைத்ததோ அங்கெல்லாம் அடிமைகள் வந்து சேர்ந்தனர். 1862 மார்ச் மாதத்தில் இயற்றப்பட்ட சட்டம் அவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று படை அதிகாரிகளுக்குத் தடை விதித்தது. ஆனால் அவர்கள் விடுதலை பெற்றவர்கள் என்று அச்சட்டம் சொல்லவில்லை.

ராபர்ட் ஸ்மால்ஸ் 1839 ஏப்ரல் 5 அன்று தென் கரோலினாவின் பியூஃபோர்ட் நகரில், ஹென்றி மெக்கீ என்பவரின் வீட்டுக்குப் பின்புறமிருந்த அடிமைக் குடிசையில் பிறந்தார். தாய் லிடியா அவ்வீட்டில் பணி செய்தவர். உடைமையாளரின் செல்லப்பிள்ளையைப் போலவே சிறுவன் வளர்ந்தான் என்பதும், பருத்தி வயலின் வெயிலும் கசையடியும் அவன் உடலில் படவில்லை என்பதும் பதிவாகியுள்ளன. மகன் தன் நிலையை உணராமலேயே வளர்ந்துவிடுவான் என்று அஞ்சிய லிடியா, அடிமைகள் கசையடி படுவதையும் விற்கப்படுவதையும் அவன் கண்ணால் காணும்படி செய்தார். ஒரு தாய் தன் குழந்தையின் நிம்மதியைத் தானே கலைத்த அந்தச் செயலில்தான் இந்த வரலாற்றின் வேர் இருக்கிறது என்று துணிந்து கூறலாம். ஸ்மால்ஸின் வீரத்தைப் போற்றும் நூல்கள் லிடியாவை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது பெருங்குறை.

பன்னிரண்டு வயதில் ஸ்மால்ஸ் சார்ல்ஸ்டன் நகருக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். அடிமையை வெளியாருக்கு வாடகைக்கு விட்டு அவனுடைய கூலியை உடைமையாளர் பெற்றுக்கொள்ளும் முறை அந்நகரில் பரவலாக இருந்தது. உணவு விடுதியில் பரிமாறுபவராகவும், தெருவிளக்கு ஏற்றுபவராகவும், பின்னர் துறைமுகத் தொழிலாளியாகவும் உழைத்த ஸ்மால்ஸ், 1856-இல் ஹானா என்ற விடுதிப் பணிப்பெண்ணை மணந்தார். மாதந்தோறும் மெக்கீக்கு ஒரு தொகையும் ஹானாவின் உடைமையாளருக்கு ஒரு தொகையும் செலுத்திவிட்டால், எஞ்சிய கூலியைத் தாமே வைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்தலாம் என்ற ஏற்பாடு அவருக்குக் கிடைத்தது. அன்றைய அடிமைகளில் மிகச் சிலருக்கே வாய்த்த நிலை அது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அவர் பாதுகாப்பான வாழ்க்கை வாழ்ந்தார் என்றுகூடத் தோன்றும்.

அந்தப் பாதுகாப்பு எத்தகையது என்பதை அக்காலச் சட்டமே காட்டுகிறது. குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்பது அடிமை மாநிலங்களின் விதி; ஹானா அடிமையாக இருக்கும்வரை அவர் பெறும் ஒவ்வொரு குழந்தையும் அவருடைய உடைமையாளரின் சொத்து. உடைமையாளர் கடன்பட்டாலோ இறந்தாலோ மனம் மாறினாலோ, மனைவி ஒரு மாநிலத்துக்கும் மகள் வேறொரு மாநிலத்துக்கும் விற்கப்படலாம். தடுக்கக் கணவனுக்கு உரிமையில்லை. மனைவியையும் மகளையும் விலைக்கு வாங்கிவிட ஸ்மால்ஸ் முயன்றபோது கேட்கப்பட்ட தொகை 800 டாலர். 'நல்ல உடைமையாளர்' என்ற சொல்லை இன்றும் சிலர் எழுதிவருகின்றனர். ஒரு மனிதனின் குழந்தைக்கு விலை சொல்லும் முறையில் நல்லவர் கெட்டவர் என்று வகைபிரிப்பது, கேள்வியையே மறைத்துவிடும் செயல்.

போர் வந்ததும் ஸ்மால்ஸ் 'பிளான்ட்டர்' என்ற நீராவிக் கப்பலில் அமர்த்தப்பட்டார். தோட்ட முதலாளி என்பது அப்பெயரின் பொருள். பருத்தி மூட்டைகளை ஏற்றிச் செல்வதற்காக 1860-இல் கட்டப்பட்ட, 147 அடி நீளமும் இரு பக்கங்களிலும் துடுப்புச் சக்கரங்களும் கொண்ட அக்கப்பலைக் கூட்டமைப்பு அரசு படைக்கலமும் செய்தியும் கொண்டுசெல்லப் பயன்படுத்தியது. சார்ல்ஸ்டனின் மணல்திட்டுகளையும் நீரோட்டங்களையும், எதிரிக் கப்பல்களுக்காக நீருக்கடியில் புதைக்கப்பட்டிருந்த வெடிகளின் இடங்களையும் அறிந்து கப்பலைச் செலுத்தியவர் ஸ்மால்ஸ்தான் என்றாலும், அப்பணிக்குரிய 'பைலட்' என்ற பெயர் கறுப்பினத்தவருக்கு மறுக்கப்பட்டிருந்ததால் அவர் வெறும் சுக்கானி என்றே அழைக்கப்பட்டார். துறைமுகத்துக்கு வெளியே ஒன்றியக் கடற்படை முற்றுகையிட்டிருந்தது. பியூஃபோர்ட் நகரும் 1861 நவம்பர் முதல் அதன் வசமிருந்தது. தாய் வாழ்ந்த ஊரில் விடுதலை வந்திருக்க, மகன் அந்த விடுதலைக்கு எதிரான பீரங்கிகளைச் சுமந்து கொண்டிருந்தார்.

கப்பலின் தலைவர் ரெல்யே என்ற வெள்ளையர், அகன்ற விளிம்புள்ள வைக்கோல் தொப்பி அணியும் வழக்கமுடையவர். உடற்கட்டில் ஸ்மால்ஸ் அவரை ஒத்திருந்ததைக் கண்ட சக பணியாளர் ஒருவர் விளையாட்டாகச் சொன்ன சொல்லே திட்டத்தின் விதையானது என்று கூறப்படுகிறது. அதிகாரிகள் இரவிலும் கப்பலிலேயே தங்க வேண்டும் என்ற ஆணையை மீறி, ரெல்யேவும் மற்ற இரு வெள்ளை அதிகாரிகளும் அவ்வப்போது கரையில் இரவைக் கழிப்பதையும் ஸ்மால்ஸ் கவனித்துவைத்தார். நம்பிக்கைக்குரியவர்களிடம் மட்டும் செய்தி பகிரப்பட்டது. பிடிபட்டால் என்ன ஆகும் என்று ஹானா கேட்டதற்குச் சாவு உறுதி என்று ஸ்மால்ஸ் மறைக்காமல் கூறினார். அதன் பின்னரே ஹானா சம்மதித்தார். மடக்கப்பட்டால் கப்பலைத் தகர்த்து மூழ்கடிப்பது, அதுவும் முடியாவிட்டால் அனைவரும் கைகோத்துக் கடலில் குதிப்பது என்று உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது. கைக்குழந்தையோடு இருந்த ஒரு தாய் இந்த உடன்பாட்டை ஏற்றார் என்பதை வாசகர்கள் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

மே 12 அன்று பிளான்ட்டர், கைவிடப்பட்டுக்கொண்டிருந்த கோல்ஸ் தீவுக் காவல்நிலையிலிருந்து அகற்றப்பட்ட நான்கு பீரங்கிகளை ஏற்றிவந்து துறையில் நின்றது. மறுநாள் இறக்கப்பட வேண்டியவை அவை. அதிகாரிகள் மூவரும் கரையேறினர். அதிகாலை மூன்று மணி அளவில் ஸ்மால்ஸ் ரெல்யேவின் வைக்கோல் தொப்பியை அணிந்துகொண்டு கொதிகலனை மூட்டச் செய்தார். கூட்டமைப்பின் கொடியும் தென் கரோலினாவின் கொடியும் ஏற்றப்பட்டன. கப்பல் நேரே கடலை நோக்கிச் செல்லவில்லை. குடும்பத்தினர் மறைந்திருந்த வேறொரு துறைக்கு முதலில் திரும்பிச் சென்று, பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டது. தனியாகத் தப்புவதே அரிதாக இருந்த இடத்தில், காவலர் நிறைந்த துறைமுகத்துக்குள்ளேயே பின்னோக்கிச் சென்ற அந்தச் சில நிமிடங்கள், கோட்டைகளைக் கடந்த நேரத்தைவிடத் துணிச்சலானவை. ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகக் கப்பலில் இருந்தவர் மொத்தம் 16 பேர்.

இருளில் வேகமாகச் சென்றால் ஐயம் எழும் என்பதால் கப்பல் அன்றாட வேகத்திலேயே செலுத்தப்பட்டது. ஜான்சன் கோட்டையைக் கடந்தபின் எதிரே நின்றது சம்டர் கோட்டை. போரின் முதல் குண்டுகள் விழுந்த இடமாகிய அக்கோட்டையைப் பற்றி இத்தொடரின் தொடக்கப் பகுதிகளில் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. அதன் பீரங்கிகளிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்பதே அச்சத்தில் எவருக்கும் தோன்றும் வழி. ஆனால் நாள்தோறும் அருகில் செல்லும் கப்பல் அன்று மட்டும் ஒதுங்கிச் சென்றால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று ஸ்மால்ஸ் கணித்தார். மணி நாலேகாலை நெருங்கிக்கொண்டிருந்தது. மாலுமி அறையின் சன்னலருகே, தொப்பியைத் தாழ்த்தி, ரெல்யே நிற்பதைப் போலவே கைகளைக் கட்டி நின்று, கடந்துசெல்வதற்குரிய அடையாளமாக இருமுறை நீளமாகவும் ஒருமுறை சுருக்கமாகவும் சங்கை ஊதினார். கோட்டையிலிருந்து கடந்து செல்ல அனுமதி கிடைத்தது. பீரங்கிகளின் எல்லையைத் தாண்டும்வரை அதே வேகம். தாண்டியபின் கப்பல் வழக்கமான பாதையைவிட்டு நேராக முற்றுகைக் கப்பல்களை நோக்கித் திரும்பியதைக் கோட்டையில் உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது.

இப்போது ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. ஒன்றியக் கடற்படையின் 'ஆன்வர்ட்' என்ற பாய்மரக் கப்பல், மங்கிய ஒளியில் எதிரியின் நீராவிக் கப்பல் தன்னை நோக்கி விரைவதைக் கண்டு பீரங்கிகளைத் திருப்பியது. கூட்டமைப்பின் கொடிகள் இறக்கப்பட்டு, ஹானா கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு கொடிமரத்தில் ஏற்றப்பட்டது. சுட ஆயத்தமாக இருந்தவர்களின் கண்ணில் அது தக்க நேரத்தில் பட்டது. அருகில் வந்ததும் கப்பல் தளத்தில் ஆடலும் பாடலும் அழுகையும் ஒருங்கே எழுந்தன. ஸ்மால்ஸ் தொப்பியைக் கழற்றி, ஒன்றிய அரசுக்கே உரிய பீரங்கிகளைத் திருப்பிக் கொண்டுவந்திருப்பதாக அறிவித்தார். சம்டர் கோட்டையில் ஒருகாலத்தில் இருந்த பீரங்கியும் அவற்றுள் இருந்ததால் அது முழு உண்மை.

பீரங்கிகளைக் காட்டிலும் மதிப்புடையது ஸ்மால்ஸ் கொண்டுவந்த செய்தி. கோல்ஸ் தீவு கைவிடப்பட்டுவிட்டது என்று அவர் கூறியதைக் கொண்டு ஒன்றியக் கடற்படை ஒரு வாரத்துக்குள் அந்தத் தீவைக் கைப்பற்றியது. இதுவரை எல்லை கடந்து வந்தவர்களில் இவரே அறிவில் சிறந்தவர் என்று கடற்படைத் தளபதி டூ பான்ட் வாஷிங்டனுக்கு எழுதினார். நாடாளுமன்றம் மே மாத இறுதியில் தனிச்சட்டம் இயற்றிப் பரிசு வழங்கியது. ஸ்மால்ஸுக்குக் கிடைத்தது 1,500 டாலர். பரிசைக் கணிக்கையில் கப்பலும் சரக்கும் மிகக் குறைவாக மதிப்பிடப்பட்டன. அந்த அநீதியைப் பின்னாளில் நாடாளுமன்றக் குழுவே ஒப்புக்கொண்டது. சார்ல்ஸ்டனில் ரெல்யே இராணுவ நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றுப் பின்னர் அத்தீர்ப்பு நீக்கப்பட்டுத் தப்பினார்.

இந்த இடத்தில் லிங்கனைப் பற்றியும் வெளிப்படையாகக் கூற வேண்டும். தென் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா ஆகிய மூன்று மாநிலங்களின் அடிமைகளும் விடுதலை பெற்றவர்கள் என்று தளபதி டேவிட் ஹன்டர் மே 9 அன்று ஆணையிட்டார். மே 13 அன்று ஸ்மால்ஸ் வந்து சேர்ந்தார். மே 19 அன்று லிங்கன் ஹன்டரின் ஆணையை ரத்து செய்தார். ஒன்றியத்தோடு நின்ற எல்லைப்புற அடிமை மாநிலங்கள் பிரிந்துவிடக்கூடாது என்ற அவருடைய கணக்கு அரசியலில் புரிந்துகொள்ளத் தக்கதே. எனினும் அந்தப் பத்து நாட்களில் வழிகாட்டியவர் வெள்ளை மாளிகையில் இருந்தவர் அல்லர். வைக்கோல் தொப்பி அணிந்து நின்ற இருபத்து மூன்று வயதுச் சுக்கானியே.

ஸ்மால்ஸின் பிற்கால வாழ்வு தனித்தொடர் எழுதத் தகுந்தது. 1863 ஏப்ரலில் சார்ல்ஸ்டன் தாக்குதலின்போது அவர் செலுத்திய 'கியோகுக்' என்ற இரும்புக் கவசக் கப்பல் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குண்டுகளைத் தாங்கி மறுநாள் மூழ்கியது. அவ்வாண்டின் இறுதியில், கடும் தாக்குதலுக்கு அஞ்சிப் பிளான்ட்டரின் தலைவர் நிலக்கரி அறைக்குள் பதுங்கியபோது, ஸ்மால்ஸ் கப்பலைக் காப்பாற்றி அதன் தலைவராகவே உயர்ந்தார். சம்டர் கோட்டையில் 1865 ஏப்ரல் 14 அன்று ஒன்றியக் கொடி மீண்டும் ஏற்றப்பட்டபோது, விடுதலை பெற்ற மக்களைச் சுமந்து பிளான்ட்டர் அங்கு வந்தது. 1822-இல் சார்ல்ஸ்டனில் அடிமைக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகத் தூக்கிலிடப்பட்ட டென்மார்க் வெஸியின் மகனும் அதில் இருந்தார். பியூஃபோர்ட்டில் தாம் அடிமையாகப் பிறந்த வீட்டை ஸ்மால்ஸ் வரிப்பாக்கி ஏலத்தில் விலைக்கு வாங்கினார். முந்தைய உரிமையாளர் தொடுத்த வழக்கில் 1878-இல் உச்ச நீதிமன்றம் ஸ்மால்ஸின் பக்கமே தீர்ப்பளித்தது. 1874-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்த 1895-ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு மாநாட்டில் எதிர்த்து வாதிட்டு, 1915-இல் அதே வீட்டில் காலமானார்.

அன்டீட்டம் போர் அடுத்த வாரம் முழுமையாக இடம்பெறும். அதற்குமுன் ஒரு தேதியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1862 ஆகஸ்டு மாதத்தில் ஸ்மால்ஸ், மான்ஸ்ஃபீல்டு ஃபிரெஞ்ச் என்ற மதகுருவுடன் வாஷிங்டன் சென்று, கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்குமாறு போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனிடம் முறையிட்டார். தென் கரோலினாக் கடற்கரையில் 5,000 கறுப்பினப் படைவீரர்கள்வரை சேர்க்கலாம் என்ற ஆணையில் ஸ்டான்டன் கையெழுத்திட்ட நாள் ஆகஸ்டு 25. அன்டீட்டத்தில் முதல் பீரங்கி முழங்க அப்போது இன்னும் 23 நாட்கள் இருந்தன.