மதுரை வாயிலில் அறைந்த தலைகள்: 12ஆம் நூற்றாண்டுப் பாண்டிய வாரிசுப் போர்

கோட்டைக்குள் பராக்கிரம பாண்டியன். வெளியே முற்றுகையிட்டு நின்றவன் குலசேகர பாண்டியன். 1160களின் பிற்பகுதியில் மூண்டதாகக் கணிக்கப்படும் இந்தப் பூசல் மதுரைக்குப் புதிதல்ல. பாண்டிய அரச குலத்தார் பலர் ஒரே காலத்தில் முடிசூடி ஆளுக்கொரு பகுதியை ஆள்வது பழைய வழக்கம்; சோழ மன்னன் முதற் குலோத்துங்கன் ஐந்து பாண்டியரை வென்றதாகப் பெருமை பேசியதும் அதனால்தான். இம்முறை வேறுபட்டது ஒன்று: உள்ளே இருந்தவன் கடல் கடந்து ஆள் அனுப்பினான்.

பொலன்னறுவையிலிருந்து ஆண்ட ஈழ மன்னன் முதலாம் பராக்கிரமபாகு, இலங்காபுரன் என்ற தண்டநாயகன் தலைமையில் படை அனுப்பினான். படை வந்து சேருமுன்பே மதுரை விழுந்தது. பராக்கிரம பாண்டியன் மனைவி மக்களோடு கொல்லப்பட்டான். அழைத்தவன் இறந்த பிறகும் படை திரும்பவில்லை. இறந்தவனின் குலக்கொழுந்து எவனுக்கேனும் நாட்டை மீட்டுக் கொடு என்று ஆணை வந்ததாக ஈழத்து வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. தப்பிப் பிழைத்த மகன் வீரபாண்டியன் அகப்பட்டதும் படையெடுப்புக்கு ஒரு முகம் கிடைத்தது.

அந்தப் பாலி நூல் இப்போரை ஊர் ஊராக விவரிக்கிறது. இராமேசுவரம் பிடிபட்டது, குந்துகாலில் பராக்கிரமபுரம் என்ற கோட்டை எழுந்தது, சிறைப்பட்ட தமிழர் அனுராதபுரத்துப் பெருந்தூபியைச் செப்பனிடும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். குலசேகரனுக்குத் திருநெல்வேலிப் படையும் கொங்குநாட்டு மாமன் படையும் துணை நின்றன. இறுதியில் வீரபாண்டியன் மதுரையில் முடிசூட, பராக்கிரமபாகு வெற்றி நினைவாகப் ‘பாண்டு விஜயம்’ என்ற பெயரில் ஓர் ஊரை நிறுவி அந்தணருக்குக் கொடுக்கிறான். கதை அங்கே நின்றுவிடுகிறது. தளபதி இலங்காபுரன் என்ன ஆனான் என்ற பேச்சே இல்லை.

அந்த மௌனத்தைச் சோழநாட்டுக் கற்கள் உடைக்கின்றன. சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசனின் 5ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஆர்ப்பாக்கம் கல்வெட்டு, காஞ்சிப் பக்கத்தில் பரவியிருந்த அச்சத்தைக் காட்டுகிறது. ஈழப்படை இராமேசுவரம் கோயிலில் பூசையை நிறுத்திப் பண்டாரத்தைக் கொள்ளையிட்ட செய்தியால் கலங்கிய சோழச் சிற்றரசன் எதிரிலிசோழச் சம்புவராயன், உமாபதிதேவர் என்ற ஞானசிவதேவரை வேண்ட, அவர் 28 நாள் பூசை செய்தார். பகைவர் தோற்றனர் என்ற செய்தி வந்ததும் ஆர்ப்பாக்கமே அவருக்குத் தானமாயிற்று. 8ஆம் ஆண்டுப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு இன்னும் கடுமையானது: இலங்காபுரன் முதலான தண்டநாயகர்களின் தலைகள் மதுரை வாயிலில் அறையப்பட்டன, சோழர் துணையோடு குலசேகரன் மீண்டும் அரியணை ஏறினான்.

இந்தத் தலைகள் எளிதில் கண்ணை ஈர்க்கும். எனக்கு அதே கல்லின் முற்பகுதி முக்கியமாகப் படுகிறது. இரண்டாம் இராசராசன் இறக்கும்போது அவன் பிள்ளைகளுக்கு வயது ஒன்றும் இரண்டும். அதனால் விக்கிரம சோழனின் பேரனான எதிரிலிப்பெருமாளுக்கு முடிசூட்டினார்கள். அவனே இரண்டாம் இராசாதிராசன். அவனை நிலைநிறுத்தியதில் முன்னின்றவரே மதுரைப் போரையும் நடத்திய பல்லவராயர். மகனே வாரிசு என்ற முறையைத் தம் வீட்டிலேயே தளர்த்தியவர்கள், மதுரையில் பிறப்புரிமையைப் பார்த்துப் பக்கம் சேர்ந்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை.

அடுத்த திருப்பம் இதை உறுதிசெய்கிறது. 12ஆம் ஆண்டுத் திருவாலங்காட்டுக் கல்வெட்டின்படி, குலசேகரன் சோழன் செய்த நன்றியை மறந்து ஈழ மன்னனோடு உறவு கொண்டான். உடனே அவனை நீக்கி வீரபாண்டியனை அமர்த்தினார்கள். நேற்றுவரை ஈழத்தின் ஆள் இன்று சோழனின் ஆள். சாட்டப்பட்ட குற்றம் செய்நன்றி கொன்றதுதான். அவன் முறையான வாரிசா என்ற கேள்வி எழவில்லை. இதற்கிடையே சோழர், பராக்கிரமபாகுவின் மருமகன் சீவல்லவனை அவனுக்கு எதிராக ஏவி, ஊராத்துறை முதலிய துறைகளையும் தாக்கினர். மதுரையில் ஈழம் ஆடிய ஆட்டத்தை ஈழத்திலேயே ஆடிப் பார்த்தார்கள்.

இந்த இளவரசர்களை வெறும் பொம்மைகள் என்று சொல்லிவிடவும் முடியாது. குலசேகரன் கட்சி மாறியதுபோல வீரபாண்டியனும் பின்னர் ஈழத்தின் பக்கம் சாய்ந்தான். புரவலர் இருவர் இருக்கும்வரை ஒருவரைக் காட்டி மற்றவரிடம் பேரம் பேச இவர்களால் முடிந்தது. 1178இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் குலோத்துங்கன் வீரபாண்டியனைத் துரத்தி விக்கிரம பாண்டியனை அமர்த்தினான். விக்கிரமனுக்குப் பின் 1190இல் அரியணை ஏறிய சடையவர்மன் குலசேகரன் பணிய மறுக்கவே, குலோத்துங்கன் மீண்டும் படையெடுத்து மதுரையின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். நகரைக் கைப்பற்றுவது ஒன்று. முடிசூடும் இடத்தையே தரைமட்டமாக்குவது வேறு. இனி இங்கே யாரும் தாமாக முடிசூடக் கூடாது என்பதுதான் அந்த இடிப்பின் பொருள்.

1216இல் பட்டம் பெற்ற மாறவர்மன் சுந்தரபாண்டியன் அந்தப் பொருளை நன்கு புரிந்துகொண்டிருக்க வேண்டும். தஞ்சையையும் உறையூரையும் எரித்ததோடு அவன் திரும்பவில்லை. சோழர் முடிசூடும் இடமான ஆயிரத்தளிக்குப் போய் அங்கே வீராபிடேகம் செய்துகொண்டான். பிறகு அடைக்கலம் தேடி வந்த மூன்றாம் குலோத்துங்கனுக்குச் சோழநாட்டைத் திருப்பிக் கொடுத்தான். ‘சோணாடு வழங்கியருளிய’ என்ற பட்டத்தை அவனுடைய கல்வெட்டுகள் சுமக்கின்றன.