ஆலை வாசலிலிருந்து ஆசிரமம் வரை

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூட்டங்களில் பேசி அவர்களைத் திரட்டியவர்கள் வ.உ.சி.யும், வத்தலக்குண்டில் பிறந்த 23 வயது சுப்பிரமணிய சிவாவும். சிவா கூலி உயர்வோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ருஷ்யப் புரட்சி மக்களுக்கு நன்மையே செய்தது என்றார். அவர் சொன்னது 1905-இன் புரட்சி. லெனின் பெயர் தமிழகத்தில் அடிபடாத காலம் அது. தொழிலாளர்கள் ஒன்பதே நாளில் வென்றனர். சிவாவுக்கோ இத்தகைய பேச்சுகளுக்காகப் பத்தாண்டு தீவாந்தர தண்டனை. மேல்முறையீட்டில் அது ஆறாண்டு ஆனது.

1912-இல் விடுதலையானபோது உடலில் தொழுநோய் இருந்தது. மறு ஆண்டே ‘ஞானபாநு’ இதழைத் தொடங்கினார், பாரதியும் வ.உ.சி.யும் அதில் எழுதினர். சிவாஜி, தேசிங்குராஜன் ஆகியோரைப் பற்றி நாடகங்கள், ‘நளின சுந்தரி’ என்ற நாவல், சமய நூல்கள் என அவர் எழுதியவை பல. அவற்றில் ஓங்கி நிற்பவை வேதாந்தமும் தேசபக்தியும்தாம். ஆலை வாசலில் முழங்கியவரின் ஏட்டில் ஆலைத் தொழிலாளி நாயகனாகவில்லை. அவர் பொதுவுடைமைவாதி அல்லர். அப்படி ஆக்கிக் காட்டுவதும் முறையல்ல.

நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறத் தடை விதித்தது அரசு. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார். அன்றைய சேலம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் நண்பர்கள் துணையோடு நிலம் வாங்கி, பாரதாசிரமம் அமைத்தார். அங்கே எழுப்ப எண்ணிய பாரத மாதா கோயிலுக்கு 1923-இல் அடிக்கல் நாட்டியவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். தொழிலாளர் குரலோ வேறிடத்தில் எழுந்தது: அதே ஆண்டு மே 1 அன்று சென்னையில் பொதுவுடைமைவாதி சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

கோயில் எழும் முன்பே, 1925 ஜூலை 23 அன்று, பாப்பாரப்பட்டியிலேயே சிவா மறைந்தார். அவர் எழுதாத பாட்டாளி இலக்கியம் வேறு நாட்டில் அமைப்பாகத் திரண்டது: அடுத்த மாதம், ஜப்பானிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த கொரியாவின் சியோல் நகரில் சோஷலிச எழுத்தாளர்கள் கூடி, ‘காப்ஃப்’ எனப்பட்ட பாட்டாளிக் கலைஞர் கூட்டமைப்பைத் தொடங்கினர். கைதுகளும் தணிக்கையும் நெருக்க, 1935-இல் அது கலைந்தது. தமிழகத்தில் அப்படியோர் அமைப்பு அன்று உருவாகவில்லை. சோஷலிச எழுத்துக்கு இடம் கொடுத்தவை இதழ்களே. சிங்காரவேலரின் அறிவியல், பொதுவுடைமைக் கட்டுரைகளைக் ‘குடி அரசு’ வெளியிட்டது. மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கை 1931 அக்டோபரில் அதே இதழில்தான் தமிழில் வரத் தொடங்கியது. 1937-இல் பொதுவுடைமைவாதி ஜீவாவின் ‘ஜனசக்தி’ இதழ் வந்தது. சிவா மேடையோடு விட்ட தொழிலாளர் பேச்சைத் தமிழ் ஏட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் இவர்களே.